அவன் ஆடட்டும் என்று நான் சொன்ன நாள்

2023 பிப்ரவரியில் ஒரு சின்ன வீடியோவை அலைபேசியில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். காத்மாண்டுவை ஒட்டிய கீர்த்திப்பூர் மைதானம். நேபாளம், ஸ்காட்லாந்து, நமீபியா மூன்று அணிகளும் ஆடிய ஒருநாள் கிரிக்கெட் தொடர். மேட்ச் முடிந்து இரண்டு அணிகளும் வழக்கம்போல வரிசையில் வந்து கைகுலுக்குகிறார்கள். நேபாளத்தின் சுழற்பந்து வீச்சாளர் சந்தீப் லமிச்சானேயின் முறை வரும்போது மட்டும் எதிரணிக்காரர்களின் கை நீளவில்லை. அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விடுகிறார்கள். அந்தத் தொடரில் ஸ்காட்லாந்துக்காரர்களும் இப்படிச் செய்தார்கள், நமீபியாக்காரர்களும் செய்தார்கள்.

முந்தைய ஆண்டு செப்டம்பரில் நேபாள அணியின் கேப்டனாக இருந்தபோதுதான் அவர்மேல் ஒரு இளம்பெண் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார். நேபாள கிரிக்கெட் வாரியம் உடனே இடைநீக்கம் செய்தது. அக்டோபரில் கைது, ஜனவரியில் ஜாமீன். ஜாமீனில் வந்த மூன்றாவது வாரமே வாரியம் தடையை நீக்கிவிட்டது. அடுத்த சில நாட்களில் அவர் கீர்த்திப்பூரில் பந்து வீசிக்கொண்டிருந்தார், கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. வழக்கு அப்படியே நடந்துகொண்டிருந்தது.

அந்த வீடியோ என்னை ஏன் இவ்வளவு தொந்தரவு செய்தது என்று எனக்கே முதலில் புரியவில்லை. நேபாளத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு நாள் கழித்து ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோது எங்கள் ஊர் கிரவுண்டு ஞாபகத்துக்கு வந்தது. ஸ்கோர் எழுதுகிற மேசையில் நான் உட்கார்ந்திருந்த அந்தப் பொங்கல் சமயம். பதினொரு வருடமாக யாரிடமும் பேசாமல் வைத்திருந்த ஒன்றை அந்த வீடியோ கிளறிவிட்டிருந்தது.

எங்கள் கிரவுண்டு

திருச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பொங்கலுக்கு டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடத்துவோம். சுற்றுவட்டாரத்திலிருந்து இருபது டீமாவது வரும். 2012இல் எங்கள் டீமுக்கு நான்தான் கேப்டன், கமிட்டிச் செயலாளரும் நான்தான். முதல் பரிசு 15,000 ரூபாயும் ஒரு ஆள் உயரக் கோப்பையும். பைனல் காணும் பொங்கல் அன்று.

எங்கள் ஓப்பனரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சின்ன வயதிலிருந்து என்னோடு ஆடியவன். இடது கை. லெக் சைடில் அவன் தூக்கி அடித்தால் பந்து கண்மாய்க்குள் போய்தான் விழும். பைனலுக்கு ஒன்பது நாள் முன்னால் அவன் மனைவி மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தார். அடித்ததாகப் புகார். மனு பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா வீடு கிரவுண்டை ஒட்டிய தெருவில்தான். பவுண்டரிக் கோட்டிலிருந்து எழுபது, எண்பது அடி தூரம் இருக்கும்.

பைனலுக்கு முதல் நாள் சாயந்திரம் டீக்கடைப் பெஞ்சில் பேசினோம். ரெண்டு பையன்கள் மட்டும், “இந்த ஒரு மேட்ச் அவனை உட்கார வைக்கலாம்ணே, ஊர்ல ஒரு மாதிரி பேசுறாங்க” என்றார்கள். நான் சொன்னது அட்சரம் மாறாமல் நினைவிருக்கிறது. “விசாரணை நடக்குது. முடியட்டும். அதுவரைக்கும் அவன் நம்ம பையன். ஆடட்டும்.” எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு நியாயமான கேப்டன் பேச வேண்டியதைப் பேசிவிட்டதாகத்தான் எனக்கு இருந்தது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவன் நிரபராதி என்பதை நான் உண்மையாகவே நம்பினேன், இன்றும் நம்புகிறேன். எதிர் டீமில் இருந்த வேகப்பந்துக்காரனை அவனைத் தவிர யாராலும் அடிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. எந்த எண்ணம் என்னை அப்படிப் பேச வைத்தது என்று இத்தனை வருடம் கழித்தும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பைனலுக்கு மைக் செட் போட்டிருந்தோம். நாலு மூலையிலும் கம்பம் நட்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. அதில் ஒன்று அந்தத் தெருவைப் பார்த்து இருந்தது. வர்ணனை பண்ணிய பையன் நல்ல வாய்க்காரன். நம் ஓப்பனர் கிரீசுக்குப் போனபோதே அவன் பெயரை இழுத்து இழுத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஒவ்வொரு பவுண்டரிக்கும் பெயர், ஒவ்வொரு சிக்சருக்கும் பட்டப்பெயர், இடையில் சினிமாப் பாட்டு. மூன்றாவது ஓவரில் ஒரு பந்து அந்தத் தெருப்பக்கம் போய் விழுந்தது. பந்தை எடுக்க ஓடிய பையனைப் பார்க்கத் திரும்பினேன். அந்த வீட்டு ஜன்னலின் ஒரு மரக்கதவு ஏற்கெனவே சாத்தியிருந்தது. உள்ளிருந்து ஒரு கை வந்து இன்னொரு கதவையும் இழுத்துச் சாத்தியது. பச்சை வளையல் போட்ட கை. பொங்கலுக்கு வாங்கிய புது வளையலாக இருக்கும் என்று அப்போது ஏனோ தோன்றியது. அடுத்த பந்து வந்தது, நான் ஸ்கோர் நோட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

61 ரன் அடித்தான். ஜெயித்தோம். பையன்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தத் தெரு வழியாகத்தான் பிள்ளையார் கோவிலுக்குப் போனார்கள். வேறு வழியும் கிடையாது, கோவிலுக்கு அது ஒன்றுதான் பாதை. நானும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அந்த மாதம் முடிவதற்குள் மனுவை வாபஸ் வாங்கிவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். வரைகூடப் போகவில்லை. “பாத்தியா, பொய்ப் புகார், அதான் வாபஸ்” என்று டீக்கடையில் பேச்சு வந்தது. அப்படிப் பேசியவர்களில் நானும் உண்டு.

ரேஷன் கடை வரிசை

ஏப்ரலிலோ மே மாதத்திலோ, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அந்தப் பெண்ணின் அம்மா. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ நேராக என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல், வீட்டுக் கணக்குச் சொல்வது மாதிரி பேசினார்.

“தம்பி, அவன் ஆடுனது தப்புன்னு நான் சொல்ல வரல. எம் மகளுக்காக ஸ்டேசனுக்கு வந்து சொல்றேன்னு ஒத்துக்கிட்டவங்க ரெண்டே பேரு. பக்கத்து வீட்டுக்காரம்மாவும் எதுத்த வீட்டு அக்காவும். சத்தத்தைக் கேட்டவங்க அவங்கதான். அந்த ரெண்டு வீட்டுப் பிள்ளைங்களும் அன்னைக்கு அவனைத் தோள்ல தூக்கிட்டுப் போச்சுங்க. அதுக்கப்புறம் யாரு வந்து சொல்லுவா? நீங்களே சொல்லுங்க.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. வரிசை நகர்ந்தது, அவர் கேனை நீட்டினார், வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, “வீட்ல அம்மா நல்லா இருக்காங்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

அன்றைக்கு வரை என் மனதில் விசாரணை என்பது எங்கோ ஒரு கட்டடத்துக்குள், மின்விசிறிக்குக் கீழே, காக்கிச் சட்டைக்காரர்கள் நடத்துவது. கிரவுண்டு வேறு இடம். அங்கே நடப்பது அங்கே, இங்கே நடப்பது இங்கே. “விசாரணை முடியட்டும், அதுவரை ஆடட்டும்” என்று நான் சொன்னபோது, ஒன்று இன்னொன்றைத் தொடாது என்றே நினைத்திருந்தேன். அந்த அம்மா சொன்ன பிறகுதான் உறைத்தது. விசாரணை நடந்ததே அந்தத் தெருவில்தான். பக்கத்து வீட்டுக்காரம்மா வாசலில் நின்று யோசிக்கிற இடத்தில்தான் அது நடந்துகொண்டிருந்தது. அந்த வாசலைப் பார்த்து நாங்கள் ஸ்பீக்கர் கட்டியிருந்தோம். விசாரணை முடியட்டும் என்று சொன்ன நாங்களே அதை முடித்துவைத்துவிட்டோம்.

அந்த வீட்டுக்குள் உண்மையில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் அடித்தானா, இல்லை வேறு ஏதாவது சண்டை அப்படிப் போய் முடிந்ததா, தெரியாது. தெரிந்துகொள்ள ஊருக்கு ஒரு வழி இருந்தது. அது மூடியதில் என் பங்கு உண்டு. அவன் நிரபராதி என்றால் அதைத் தெளிவாக நிரூபிக்கிற வாய்ப்பு அவனுக்கும்தான் இல்லாமல் போயிற்று. இன்றைக்கும் ஊரில் பாதிப்பேர் அவனை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.

ஒரே ஆள், இரண்டு தீர்ப்பு

லமிச்சானே வழக்குக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் “ஆடலாம்” என்று சொன்னவர்களும் “ஆடக்கூடாது” என்று சொன்னவர்களும் ஏதோ ஒரு தேதியில் தோற்றுப்போனார்கள், நானும் சேர்த்து.

2023 முழுக்க அவர் ஆடினார். ஏப்ரலில் ஒருநாள் போட்டிகளில் 100 விக்கெட்டை மிக வேகமாக எடுத்தவர் ஆனார். 42 ஆட்டங்கள், ஆப்கானிஸ்தானின் ரஷீத் கான் எடுத்துக்கொண்ட 44ஐ முறியடித்த சாதனை. செப்டம்பரில் பல்லேகலையில் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு எதிராக வீசினார். அந்த ஆட்டத்தை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்தோம், ஆனால் பந்து வீசுகிறவர்மேல் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? நவம்பரில் நேபாளம் டி20 உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றபோதும் அணியில் இருந்தார். டிசம்பர் 29ஆம் தேதி காத்மாண்டு மாவட்ட நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. ஜனவரி 10ஆம் தேதி எட்டாண்டு சிறைத் தண்டனை. வாரியம் மறுபடி இடைநீக்கம் செய்தது.

அன்று நண்பர் ஒருவருக்குப் போன் போட்டு, “நான் அப்பவே சொன்னேன் பாத்தியா” என்றேன். மே 15ஆம் தேதி பாட்டன் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்து அவரை விடுதலை செய்தது. அதே நண்பர் அன்று எனக்குப் போன் போட்டார். ஒரு மாதத்தில் லமிச்சானே வெஸ்ட் இண்டீஸில் உலகக்கோப்பை ஆடிக்கொண்டிருந்தார். அமெரிக்கா விசா மறுத்ததால் அங்கே நடந்த ஆட்டங்களில் மட்டும் அவர் இல்லை.

நண்பரோடு அன்று பேசிய பேச்சில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நாங்கள் இருவரும் பின்னால் வந்த தீர்ப்பை வைத்து முன்னால் எடுத்த முடிவை அளந்துகொண்டிருந்தோம். அவர் குற்றவாளியா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை. 2023 பிப்ரவரியில் நேபாள வாரியத்தின் முன்னால் இருந்த கேள்வியே வேறு. ஒரு பெண் சாட்சிக்கூண்டில் ஏற வேண்டியிருக்கிற மாதங்களில், அவர் யார்மேல் புகார் சொல்லியிருக்கிறாரோ அவருக்கு நாட்டின் சட்டையைப் போட்டு, ஆயிரக்கணக்கானவர்கள் பெயர் சொல்லிக் கத்துகிற இடத்தில் நிறுத்தலாமா? இதற்குப் பதில் சொல்லத் தீர்ப்பு தேவையில்லை. டிசம்பர் தீர்ப்பும் இதற்குப் பதில் சொல்லவில்லை, மே தீர்ப்பும் சொல்லவில்லை.

கைகுலுக்க மறுத்தவர்களை நான் ரொம்ப நாள் மனதுக்குள் பாராட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஆட மறுக்கவில்லை. அவர் பந்தை எதிர்கொண்டார்கள், அவுட்டும் ஆனார்கள். ஆட்டம் முடிந்து மரியாதை செய்கிற இடத்தில் மட்டும் நின்றுவிட்டார்கள். ஆடுவதற்கும் கொண்டாடுவதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான். விடுதலைத் தீர்ப்பு வந்த பிறகு அதே வீடியோவை மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு கையாக விலகிப்போகும்போது அந்த ஆள் நிற்கிற நிலையைப் பார்த்தேன். அதுவும் ஒரு தண்டனைதான். எந்த நீதிபதியும் எழுதாத தண்டனை. அந்தப் பாரம் ஆட வந்தவர்களின் கையில் போய் விழுந்திருக்கவே கூடாது. வாரியம் தன் வேலையைச் செய்திருந்தால் அந்த வரிசையில் லமிச்சானே நின்றிருக்க மாட்டார், யாரும் கையை இழுத்துக்கொள்ள வேண்டியும் வந்திருக்காது.

நம் வாரியம்

நேபாளத்தைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. 2018 மார்ச்சில் முகமது ஷமியின் மனைவி அவர்மேல் குடும்ப வன்முறைப் புகார் சொன்னார். கூடவே சூதாட்டம் சம்பந்தப்பட்ட ஒரு குற்றச்சாட்டும் இருந்தது. பி.சி.சி.ஐ. அவருடைய ஆண்டு ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. ஊழல் தடுப்புப் பிரிவை விட்டு விசாரித்தது. சுமார் இரண்டு வாரத்தில் சூதாட்ட விஷயத்தில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது, மார்ச் 22ஆம் தேதி பி கிரேடு ஒப்பந்தம் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்டது என்ன ஆயிற்று? அது போலீஸ் பாடு. 2019 மார்ச்சில் கொல்கத்தா போலீஸ், மனைவியைக் கொடுமைப்படுத்துவது பற்றிய 498ஏ உள்ளிட்ட பிரிவுகளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஜூனில் சவுத்தாம்ப்டனில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக அவர் ஹாட்ரிக் எடுத்தார். நானும் துள்ளிக் குதித்தேன். ஷமி புகாரை மறுத்திருக்கிறார், அவர் குற்றவாளி என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. நான் கேட்பது வாரியத்தை. சூதாட்டம் என்றால் தனிப் பிரிவு, அதிகாரி, அறிக்கை, இரண்டே வாரம். வீட்டுக்குள் நடந்த வன்முறை பற்றி ஒரு பெண் புகார் சொன்னால் என்ன செய்வது என்று வாரியத்திடம் அப்போது ஒரு விதி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதே 2019 ஜனவரியில் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஹர்திக் பாண்டியாவும் கே.எல். ராகுலும் பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பேசியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருந்தவர்களை விசாரணை நிலுவையில் இடைநீக்கம் செய்து ஊருக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் இடைநீக்கம் நீங்கியது. அப்புறம் வாரியத்தின் குறைதீர்ப்பாளர் விசாரித்து ஆளுக்கு 20 லட்சம் அபராதம் போட்டார். பேசியதற்கு உட்கார வைத்தது எனக்குச் சரியாகவே பட்டது. ஆனால் டிவியில் பேசிய பேச்சுக்கு உட்கார வைக்கிற வாரியம், போலீஸ் குற்றப்பத்திரிகை போட்ட பிறகும் உட்கார வைக்கவில்லை என்றால், எது அவர்களைக் கூச்சப்படுத்துகிறதோ அதற்கு மட்டும்தான் விதி என்று ஆகிவிடுகிறது. டீக்கடைப் பெஞ்சில் நான் செய்ததும் இதைத்தான். எனக்கு எது வசதியோ அதற்கு நியாயத்தின் பெயரை வைத்தேன்.

உட்கார வைப்பது எப்படி

ஆள் யார் என்று தெரிவதற்கு முன்னாலேயே விதி எழுதியிருக்க வேண்டும். ஆள் தெரிந்த பிறகு எழுதினால், அவன் எத்தனை ரன் அடிப்பான் என்பதும் அந்த விதிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் நடத்துகிற என்.ஆர்.எல். 2019இல் அப்படி ஒரு விதி கொண்டுவந்தது. 11 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டு முறையாகப் பதிவாகிவிட்டால், வீரர் தானாகவே வெளியே உட்கார வேண்டும். சம்பளம் முழுதாக உண்டு, டீமோடு பயிற்சியும் செய்யலாம், மேட்ச் மட்டும் ஆட முடியாது. நீ குற்றவாளி என்று நாங்கள் சொல்லவில்லை என்பதை ‘நோ ஃபால்ட் ஸ்டாண்ட் டவுன்’ (பழி சொல்லாமல் விலக்கி வைப்பது) என்று அந்த விதியின் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். ஜாக் டி பெலின் என்கிற வீரர்தான் முதலில் மாட்டினார். நீதிமன்றத்துக்குப் போனார், விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அவர் வழக்கில் முதல் ஜூரியால் முடிவுக்கு வர முடியவில்லை. 2021இல் இரண்டாவது ஜூரி ஒரு குற்றச்சாட்டில் அவரை விடுவித்தது, மற்றவற்றில் முடிவு எட்டவில்லை. கடைசியில் அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. அதற்குள் இரண்டு முழு சீசனும் மூன்றாவதில் கணிசமான பகுதியும் போயிருந்தன.

இதைப் படிக்கும்போது எனக்கு வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு விளையாட்டுக்காரனின் காலம் பத்து வருடம் என்றால் அதில் இரண்டரை வருடம் என்பது சின்ன விஷயமில்லை. சம்பளம் திரும்பி வரும், இருபத்தெட்டு வயது திரும்பி வராது. “பொய்ப் புகாரா இருந்தா?” என்று கேட்கிறவர்கள் எல்லோரும் பெண்களுக்கு எதிரானவர்கள் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரும் விதி எழுதக்கூடாது. மான்செஸ்டர் சிட்டியில் ஆடிய பெஞ்சமின் மெண்டியை நினைத்துக்கொள்கிறேன். 2021 ஆகஸ்டில் அவர்மேல் பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டு பதிவானதும் கிளப் இடைநீக்கம் செய்து, அடுத்த மாதத்திலிருந்து சம்பளத்தையும் நிறுத்தியது. 2023இல் இரண்டு விசாரணைகளிலுமாக எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையானார். நிறுத்திய சம்பளத்தில் பெரும்பகுதி அவருக்குச் சேர வேண்டியது என்று 2024 நவம்பரில் தொழில் தீர்ப்பாயம் சொன்னது. உட்கார வைத்தது வேறு, அடுப்பை அணைத்தது வேறு. முன்னது முன்னெச்சரிக்கை, பின்னது தண்டனை. பணத்தில் கை வைத்த நிமிடமே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

ஆனால் என்.ஆர்.எல். விதியை அப்படியே கொண்டுவந்து இங்கே ஒட்ட முடியாது. அங்கே இரண்டரை வருடத்தில் ஒரு முடிவு வந்தது. இங்கே ஒரு வழக்கு முடிவதற்குள் வேகப்பந்துக்காரர் ஓய்வு பெற்று வர்ணனையாளர் ஆகிவிடுவார். ஷமி வழக்கு 2018இல் தொடங்கியது, அவர் அதற்குப் பிறகு இரண்டு ஒருநாள் உலகக்கோப்பை ஆடிவிட்டார். தீர்ப்பு வரும்வரை உட்கார் என்றால் வாழ்நாள் தடை என்று அர்த்தமாகிவிடும். அதனால் நம் ஊருக்குக் காலவரம்பு வேண்டும் என்பது என் எண்ணம். வெறும் புகாருக்கோ எஃப்.ஐ.ஆருக்கோ உட்கார வைக்க வேண்டாம். குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து ஆறு மாதமோ எட்டு மாதமோ, முக்கியமான சாட்சிகள் பேசி முடிக்கிற வரை, முழுச் சம்பளத்தோடு வெளியே இருக்கட்டும். அதற்குமேல் நீட்டிக்க வேண்டுமா என்பதை வாரியத்துக்கு வெளியே இருக்கிற ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பார்க்கட்டும். குறைதீர்ப்பாளர் பதவி என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, 20 லட்சம் அபராதம் போட்டவர் அந்தப் பதவியில் இருந்தவர்தான். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எஃப்.ஐ.ஆர். கட்டத்தில் ஆடட்டும் என்று விட்டாலும் ஒன்று செய்யலாம். அந்த நாட்களில் அவருக்குக் கேப்டன் பட்டம் வேண்டாம். விளம்பரப் பலகையில் படம் வேண்டாம், பள்ளிக்கூட விழாவுக்கு அனுப்ப வேண்டாம், மேட்ச் முடிந்து அவரை மேடையேற்றிப் பேச வைக்க வேண்டாம். பந்து வீசட்டும், விக்கெட் எடுக்கட்டும். தோளில் தூக்க வேண்டாம்.

அந்த ரேஷன் கடைப் பேச்சு இல்லாமல் போயிருந்தால் இதெல்லாம் எனக்குத் தோன்றியிருக்காது. விளையாட்டின் பெயர் கெட்டுவிடும் என்பதற்காக உட்கார வைக்கச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. விளையாட்டின் பெயர் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரம்மா ஸ்டேசன் வரை நடந்துபோக வேண்டும், போய்ப் பார்த்ததையோ கேட்டதையோ சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு அதே தெருவுக்குத் திரும்பி வர வேண்டும். அந்த நடைக்கு வழி விட்டு நிற்பதற்காகத்தான் நான் இதைக் கேட்கிறேன்.

போன பொங்கலுக்கு என்னை மறுபடி கமிட்டியில் வரச் சொன்னார்கள். ஆட முடியாது, முழங்கால் போய்விட்டது. ஆலோசகர் என்று ஒரு நாற்காலி. விதிமுறை நோட்டில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். பெண்கள்மேல், குழந்தைகள்மேல் நடந்த குற்றத்தில் வழக்கு உள்ளவர் அந்த வருடம் ஆட வேண்டாம், அவர் பங்கு நுழைவுக் கட்டணத்தையும் பரிசுப் பணத்தில் அவர் பங்கையும் கமிட்டி கொடுத்துவிடும், அவர் பெயர் மைக்கில் எந்த விதத்திலும், நல்லதாகவும் கெட்டதாகவும், சொல்லப்படாது. வாரியத்துக்கு எழுதினால் இப்படி எழுத மாட்டேன். டென்னிஸ் பால் ஆட்டத்தில் ஒரு பொங்கல் போனால் யார் பிழைப்பும் போகாது.

ஒரு தம்பி கேட்டான், “பைனலா இருந்தாலுமாண்ணே?”

“பைனலுக்குத்தான்டா எழுதுறதே” என்றேன்.

கமிட்டியில் ஐந்து பேர். ஒருவர் கையெழுத்துப் போட்டார், நான் போட்டேன், அந்தத் தம்பி ரொம்ப நேரம் பேனாவைக் கையில் வைத்து யோசித்துவிட்டுப் போட்டான். மற்ற இரண்டு பேர் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். நோட்டு இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது.